“கொழுப்பு செல்கள் மட்டும்” என்று வந்த ரிப்போர்ட்: ஒரு மார்பகக் கட்டியின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த நிகழ்வில் யாருக்கும் உயிராபத்து வரவில்லை. புற்றுநோயும் இல்லை. ஆனால் 47 வயதுப் பெண் ஒருவர், ஒரு சாதாரணக் கொழுப்புக் கட்டிக்காக ஏறக்குறைய ஆறு வாரம் சரியாகத் தூங்கவில்லை. அதில் பெரும்பகுதிக்கு முதல் நாள் நான் எடுத்த ஒரு முடிவுதான் காரணம். அதனால்தான் எழுதுகிறேன். அவருடைய சம்மதம் வாங்கியிருக்கிறேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டேன்.

வலது மார்பகத்தில், அக்குளை ஒட்டிய மேல் பகுதியில் ஒரு கட்டி. குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டு இரண்டு வருடம் ஆகிவிட்டது. வலி இல்லை, காம்பிலிருந்து கசிவு இல்லை, தோலில் மாற்றம் இல்லை. வலித்திருந்தால் உடனே வந்திருப்பேன் என்றார். வலி இல்லாத கட்டியைத்தான் சீக்கிரம் காட்ட வேண்டும் என்பது பலருக்கும் தெரிவதில்லை. சமீபத்தில் அது கொஞ்சம் பெரிதானது போலத் தோன்றியது. விஷயம் தெரிந்ததும் மகள்தான் வற்புறுத்தி அழைத்து வந்தாள்.

குடும்பத்தில் ஒருவருக்கு மார்பகப் புற்று வந்திருக்கிறது: அம்மாவின் தங்கை, 62 வயதில். சிகிச்சை முடிந்து நலமாக இருக்கிறார். இவருக்கு இடது முன்கையில் பட்டாணி அளவில் இரண்டு மென்மையான கட்டிகள் பல வருடமாக உண்டு. அதை அவர் தானாகச் சொல்லவில்லை. ரத்த அழுத்தம் பார்க்கச் சட்டைக் கையை மேலே தள்ளியபோது நான் பார்த்துக் கேட்டேன்.

முதல் நாள் கையில் தெரிந்தது

கட்டி நீளவாக்கில் ஏறக்குறைய 4 செ.மீ. மெத்தென்று இருந்தது. விளிம்பில் விரலை வைத்து அழுத்தினால் விரலுக்கு அடியிலிருந்து வழுக்கி விலகிப் போகும். விட்டால் பழைய இடத்துக்கு வந்துவிடும். தோலோடும் ஒட்டவில்லை, அடியில் இருக்கும் தசையோடும் ஒட்டவில்லை. இடுப்பில் கையை ஊன்றி அழுத்தச் சொல்லித் தசையை இறுக்கிப் பார்த்தேன், அப்போதும் நன்றாக நகர்ந்தது. அக்குளில் நெறிகட்டு இல்லை. இடது மார்பகம் சாதாரணம். லைபோமா, அதாவது கொழுப்புக் கட்டி, என்று மனதுக்குள் அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

லைபோமா என்பது முதிர்ந்த கொழுப்பு செல்கள் ஒன்றாகத் திரண்டு, மெல்லிய நார் உறை ஒன்றுக்குள் அடங்கியிருப்பது. உடலின் மென்திசுக்களில் வரும் தீங்கற்ற கட்டிகளில் இதுதான் மிகப் பொதுவானது. முதுகு, தோள், கழுத்து, கை என எங்கே கொழுப்பு உண்டோ அங்கே வரலாம். 40 முதல் 60 வயதுக்குள் அதிகம் கண்ணில் படும். பல லைபோமாக்களில் 12ஆம் குரோமோசோமின் ஒரு பகுதி இடம் மாறி, எச்எம்ஜிஏ2 என்ற மரபணு தேவையில்லாமல் விழித்துக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். சாப்பிட்ட கொழுப்பு அங்கே போய்ச் சேர்ந்து கட்டியாவதில்லை. அவர் கேட்ட முதல் கேள்வியே அதுதான்: “கொழுப்புதானே டாக்டர், சாப்பாட்டைக் குறைச்சா கரைஞ்சிடுமா?” கரையாது. உடல் இளைத்தால் சுற்றியிருக்கும் கொழுப்புதான் குறையும். கட்டி அப்படியே நின்று இன்னும் துருத்திக்கொண்டு தெரியும்.

மார்பகத்தில் மட்டும் இதற்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. மார்பகமே பெருமளவு கொழுப்பால் ஆனது. முன்கையில் இருக்கும் கட்டிக்குள் ஊசியை விட்டுக் கொழுப்பு வந்தால், அது பெரும்பாலும் கட்டியிலிருந்து வந்ததுதான். மார்பகத்தில் கொழுப்பு வந்தால், கட்டியிலிருந்தும் வந்திருக்கலாம், ஊசி கட்டியைத் தவறவிட்டுப் பக்கத்துக் கொழுப்பில் இறங்கியும் இருக்கலாம். இரண்டு கொழுப்பும் மைக்ராஸ்கோப்பில் ஒரே மாதிரிதான் தெரியும்.

இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஆனாலும் அன்று மாமோகிராமுக்கு, அதாவது மார்பக எக்ஸ்ரேவுக்கு, 12 நாள் கழித்துத்தான் நேரம் கிடைத்தது. அம்மாவும் மகளும் வெகுதூரம் வந்திருந்தார்கள், முகத்தில் பயம். வெறுங்கையோடு அனுப்ப மனம் வரவில்லை. சரி, ஊசிப் பரிசோதனையை இன்றே முடித்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன்.

23 நம்பர் ஊசி, 10 மில்லி சிரிஞ்ச். ஒரே இடத்தில் இரண்டு முறை உள்ளே விட்டேன். ஸ்லைடில் தேய்த்தபோது எண்ணெய்த் துளிகள் மாதிரி பளபளத்தது, காற்றில் காயவே இல்லை. கொழுப்பை எடுத்தால் அப்படித்தான் இருக்கும். ஆல்கஹாலில் நனைத்ததும் பாதி கரைந்து கண்ணாடி வெறுமையாகிவிட்டது. இன்னொரு ஸ்லைடு போட்டேன். குத்திய இடத்தைப் பஞ்சு வைத்து அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். எத்தனை நிமிடம் பிடித்தார் என்று பார்க்கவில்லை. ஊசியை எந்தப் பக்கமிருந்து, எந்தக் கோணத்தில் விட்டேன் என்று கேஸ் ஷீட்டில் எழுதவும் இல்லை. இந்த இரண்டும் பின்னால் தேவைப்பட்டன.

ஒரே செல்கள், இரண்டு ரிப்போர்ட்

மூன்றாம் நாள் ரிப்போர்ட் வந்தது: “கொழுப்புத் திசுத் துணுக்குகள் மட்டும் காணப்படுகின்றன. மார்பகக் குழாய் செல்கள் இல்லை. போதிய மாதிரி இல்லை. மீண்டும் எடுக்கவும்.” செல்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல்லும் பேத்தாலஜிஸ்ட் எழுதியதில் தவறே கிடையாது. கட்டி எப்படி இருந்தது, எனக்கு என்ன சந்தேகம் என்று நான் அனுப்பிய சீட்டில் ஒரு வார்த்தை இல்லை. “வலது மார்பகக் கட்டி” என்று மட்டும் எழுதியிருந்தேன். இவ்வளவு குறைவான தகவலை வைத்துக்கொண்டு பொறுப்பான எந்தப் பேத்தாலஜிஸ்டும் இதைத்தான் எழுதுவார்.

ரிப்போர்ட்டை வாங்கியது மகள். “போதிய மாதிரி இல்லை” என்பதை அவள் “ஏதோ இருக்கிறது, சரியாகப் பிடிபடவில்லை” என்று எடுத்துக்கொண்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. போனில் நான் விளக்கியிருக்க வேண்டும். அன்று ரிப்போர்ட் என் மேசைக்கு வரும் முன்பே அவள் கைக்குப் போய்விட்டது.

ஆறாம் நாள் உறவினர் ஒருவர் சொன்ன வேறோர் இடத்துக்குப் போனார்கள். அங்கேயும் ஊசி. அங்கேயும் ஸ்லைடில் கொழுப்பு மட்டும். ஆனால் வந்த ரிப்போர்ட்: “லைபோமாவுக்கு ஒத்துப்போகிறது. புற்று செல்கள் இல்லை.” கூடவே, சீக்கிரம் எடுத்துவிடுவது நல்லது என்ற ஆலோசனை.

12ஆம் நாள் இரண்டு தாள்களையும் என் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். “ஒரே கட்டிதானே டாக்டர்? ஒருத்தர் தெரியலைன்னு சொல்றார், இன்னொருத்தர் ஒண்ணுமில்லைன்னு சொல்றார், ஆனா எடுக்கணும்னும் சொல்றார். நான் எதை நம்பறது?”

நியாயமான கேள்வி. இரண்டு தாளும் சொல்வது ஒன்றுதான்: ஊசி போன இடத்தில் கொழுப்பு இருந்தது. அந்த இடம் கட்டிதானா என்பதை இரண்டு தாளாலும் சொல்ல முடியாது. அதைச் சொல்ல வேண்டியவை பரிசோதித்த கையும் படமும். கை, படம், செல் மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போனால்தான் விடை. ஒன்று முரண்டு பிடித்தாலும் விடை இன்னும் கிடைக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

இதில் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் போலி லைபோமா என்ற பழைய எச்சரிக்கை. சில சமயம் உள்ளே ஒரு சிறிய, இறுகிய புற்று இருக்கும். அது சுற்றியிருக்கும் கொழுப்பைத் தன்னை நோக்கி இழுத்துத் திரட்டிக்கொள்ளும். மேலே கை வைத்தால் மெத்தென்ற கொழுப்புக் கட்டி மாதிரியே இருக்கும். ஊசி அந்தக் கொழுப்பில் இறங்கினால் ரிப்போர்ட் “கொழுப்பு செல்கள் மட்டும்” என்றே வரும். அரிதுதான். ஆனால் இந்தப் பெண்ணைப் போன்ற வயதில், குடும்பத்தில் ஒருவருக்குப் புற்று இருக்கும்போது, அரிது என்ற ஒரு வார்த்தையை வைத்து வீட்டுக்கு அனுப்ப முடியாது.

படத்தில் ஒரு மங்கல்

அன்றே மாமோகிராமும் மார்பக ஸ்கேனும் எடுத்தோம். எக்ஸ்ரே கதிரைக் கொழுப்பு அதிகம் தடுப்பதில்லை. அதனால் படத்தில் கறுப்பாக விழும். சுரப்பித் திசுவும் கட்டிகளில் பலவும் வெள்ளையாக விழும். லைபோமா இருந்தால் கறுப்பான ஒரு முட்டை வடிவமும், அதைச் சுற்றிப் பென்சிலால் வரைந்த மாதிரி மெல்லிய வெள்ளைக் கோடும் தெரியும். அந்தக் கோடுதான் உறை. கோடு முழுசாக இருந்து, உள்ளே முழுக்கக் கறுப்பாக இருந்தால், படத்தைப் படித்துச் சொல்லும் ரேடியாலஜிஸ்ட் தயங்காமல் பை-ராட்ஸ் 2 (மார்பகப் படத்துக்குப் போடும் தர எண்) என்று எழுதுவார்: தீங்கற்றது, ஊசியே தேவையில்லை.

இவருடைய படத்தில் முக்கால்வாசி அப்படியேதான் இருந்தது. கறுப்பு, சுற்றிலும் கோடு. ஆனால் கீழ் விளிம்பில் ஏறக்குறைய 1 செ.மீ. தூரத்துக்குக் கோடு காணாமல் போய், அந்த இடத்தில் வெண்மையாக ஒரு மங்கல். ஸ்கேனில் கட்டி 41 × 17 மி.மீ.; தோலுக்கு இணையாகப் படுத்திருந்தது, சுற்றியுள்ள கொழுப்பைவிடச் சற்றே வெளிச்சம். எல்லாம் லைபோமாவின் லட்சணம். ஆனால் அதே கீழ் விளிம்பில் 9 மி.மீ. அளவில் ஒழுங்கற்ற இருண்ட பகுதி. டாப்ளரில் ரத்த ஓட்டம் இல்லை. அக்குளில் நிணநீர்க் கணுக்கள் சாதாரணம்.

ரேடியாலஜிஸ்ட் எண் எதுவும் போடாமல் என்னைக் கூப்பிட்டார். திரையைக் காட்டிக் கேட்ட முதல் கேள்வி: “ஊசி எந்தப் பக்கமிருந்து போட்டீங்க?”

கேஸ் ஷீட்டைப் புரட்டினேன். இல்லை. நினைவிலிருந்து “கீழேயிருந்துதான்” என்று சொன்னேன், ஆனால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. திரும்பப் போய்த் தோலைப் பார்த்தோம். கட்டியின் கீழ்ப்புறம் இரண்டு சின்னப் புள்ளிகள், அவற்றைச் சுற்றி மஞ்சளும் பச்சையுமாக மங்கிக்கொண்டிருந்த ஒரு கன்றல். ஒரு புள்ளி என்னுடையது, இன்னொன்று இரண்டாவது இடத்துடையது. மங்கல் இருந்தது சரியாக அதற்கு அடியில்.

ஊசி குத்திய இடத்தில் கசிந்த ரத்தம் இப்படித் தெரியும் என்பது தெரிந்ததே. அதனால்தான் படம் முதலில், ஊசி பிறகு என்று சொல்கிறார்கள். ஊசி முந்திவிட்டால் குறைந்தது இரண்டு வாரமாவது கழித்துப் படம் எடுக்கச் சொல்கிறார்கள். இங்கே ஆறு நாள் இடைவெளியில் இரண்டு ஊசி, இரண்டாவது ஊசிக்கு ஆறாம் நாள் படம். நான் அவசரப்பட்டுப் போட்ட ஊசி, தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டிய படத்தின் மேலேயே ஒரு கறையைப் போட்டுவிட்டது.

காத்திருப்பதா, இன்னொரு ஊசியா

இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, ஸ்கேனைப் பார்த்துக்கொண்டே அந்த 9 மி.மீ. பகுதியில் கோர் பயாப்சி. தடித்த ஊசியால் நூல் மாதிரி ஒரு துண்டுத் திசுவை எடுப்பது. வெறும் செல்களைவிட அதில் நிறையத் தெரியும். மற்றொன்று, ரத்தக் கசிவுதானா என்று பொறுத்திருந்து பார்ப்பது. கசிவு என்றால் கரைந்துவிடும். புற்று கரையாது.

உடனே பயாப்சி செய்வதற்கு ஆதரவாகக் குடும்ப வரலாறும் அவருடைய பதற்றமும் இருந்தன. எதிராக, ஏற்கெனவே கன்றியிருக்கும் இடத்தில் மூன்றாவது ஊசி இன்னும் ரத்தத்தைக் கசியவிடும். கொழுப்பும் ரத்தமும் மட்டும் வந்தால் மறுபடியும் இதே இடத்தில்தான் நிற்போம். கையில் எங்கேயும் கடினமாக எதுவும் தட்டுப்படவில்லை. மங்கல் இருந்த இடமும் ஊசி இறங்கிய இடமும் ஒன்றாக இருந்தன. நான்கு வாரத் தாமதத்தால், அது புற்றாகவே இருந்தாலும், சிகிச்சையின் போக்கு மாறும் வாய்ப்பு மிகக் குறைவு.

காத்திருக்க முடிவு செய்தோம். ஆனால் வெறுமனே “பார்க்கலாம்” என்று சொல்லவில்லை, ஒரு கோடு கிழித்தோம்: நான்காம் வார முடிவில் அந்தப் பகுதி பாதிக்கும் கீழாகச் சுருங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் அன்றே, அதே அறையில் கோர் பயாப்சி. இதைத் தாளில் எழுதி அவர் கையில் கொடுத்தேன். நடந்த தவறையும் சொன்னேன்: படத்துக்கு முன் ஊசி போட்டது என் முடிவு, அதனால்தான் இந்தக் காத்திருப்பு. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “நீங்க சொன்னதால நம்பறேன்” என்றார். அந்த வார்த்தை எனக்கு இன்னும் கனமாகத்தான் இருக்கிறது.

இதற்கிடையில் முன்கைக் கட்டிகளையும் விட்டுவிடவில்லை. பல லைபோமாக்களோடு மார்பகப் பிரச்சினையும் சேர்ந்து வரும்போது கௌடன் நோய்த்தொகுதி என்ற பரம்பரை நிலையை நினைத்துப் பார்க்க வேண்டும். பிடென் என்ற மரபணு பழுதாவதால் வருவது. அதில் மார்பகப் புற்று, தைராய்டுப் புற்று ஆகியவற்றுக்கான அபாயம் நிஜமாகவே அதிகம். அதன் அடையாளங்களில் ஒன்று பெரிய தலை. வளர்ந்த பெண்களில் 58 செ.மீ.க்கு மேல் தலைச் சுற்றளவு இருந்தால் கவனிப்பார்கள். டேப்பை வைத்து அளந்தேன்: 55. ஈறிலும் நாக்கிலும் சிறு பருக்கள் இல்லை, தைராய்டு சாதாரணம், நெருங்கிய உறவில் தைராய்டுப் புற்றும் இல்லை. அந்தத் திசையில் மேலே போகவில்லை.

இரண்டாவது வாரம் போன் வந்தது. தூக்கம் வரவில்லை என்றார். நான்கு வாரம் என்பது நாங்கள் வைத்த கணக்கு. நடுவில் ஒருமுறை ஸ்கேன் பார்ப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை. மறுநாளே வரச் சொன்னோம். 9 மி.மீ. 5 ஆகியிருந்தது. திரையை அவர் பக்கம் திருப்பி, பழைய படத்தையும் புதிய படத்தையும் ரேடியாலஜிஸ்ட் அளந்து காட்டினார். அன்றிரவு தூங்கியதாகப் பிறகு சொன்னார். நான்காம் வாரம், முதல் நாளிலிருந்து கணக்கிட்டால் 40ஆம் நாள், அந்தப் பகுதி அடையாளமே இல்லை. மாமோகிராமில் ஒரு கோணம் மட்டும் திரும்ப எடுத்தோம். கறுப்பு முட்டை, சுற்றிலும் அறுபடாத வெள்ளைக் கோடு. பை-ராட்ஸ் 2. இப்போது கை, படம், செல் மூன்றும் ஒன்றாகப் பேசின.

“இது எங்களை மாதிரி ஆளுங்களுக்கு அதிகமா வருமா?”

அன்று மகள் இதைக் கேட்டாள். இணையத்தில் தேடியிருக்கிறாள். ஓரிடத்தில் மார்பக லைபோமா மிகச் சாதாரணம் என்றும், இன்னோரிடத்தில் அரிது என்றும், சில நாடுகளில் அதிகம், சில நாடுகளில் குறைவு என்றும் பார்த்துக் குழம்பியிருந்தாள். நல்ல கேள்வி என்பதால் நிதானமாகவே பேசினோம். இங்கேயும் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

உடலில் எங்காவது லைபோமா இருப்பவர்கள் நூற்றில் ஒருவர் என்று பொதுவாகச் சொல்வார்கள். மார்பகத்துக்கு மட்டும் தனியாக இப்படி நம்பகமான எண் சொல்வது கடினம். காரணம், எண்ணும் முறை. புற்றுநோய்க்குப் பல நாடுகளில் பதிவேடுகள் உண்டு. தீங்கற்ற கட்டிக்கு அப்படி யாரும் பதிவேடு வைப்பதில்லை. வெளிவரும் கணக்குகளில் பெரும்பாலானவை, ஒரு மருத்துவமனையின் பேத்தாலஜி துறைக்கு வந்துசேர்ந்த மார்பகக் கட்டிகளில் எத்தனை லைபோமா என்று எண்ணியவை. அந்த மேசைக்கு வருவது அறுத்து எடுத்த கட்டிகளும் ஊசியில் எடுத்த மாதிரிகளும் மட்டும்தான்.

இங்கிலாந்தில் 50 வயதிலிருந்து 71 வயதுக்குள் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாமோகிராமுக்கு அழைக்கிறார்கள். தென்கொரியாவில் 40 வயதிலிருந்து இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. அப்படிப்பட்ட இடங்களில் ஏராளமான லைபோமாக்கள் படத்திலேயே தெரிந்து, “தீங்கற்றது” என்ற ஒரு வரியோடு முடிந்துவிடும். அவை பேத்தாலஜி கணக்கில் ஏறுவதே இல்லை. அதற்கு நேர்மாறாக, மாமோகிராம் எளிதில் கிடைக்காத இடங்களில் கையில் தட்டுப்பட்ட கட்டியை எடுத்துத்தான் பார்க்க வேண்டியிருக்கும்; அங்கே லைபோமா கணக்கில் ஏறும். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்து, இந்த மக்களுக்கு அதிகம், அந்த மக்களுக்குக் குறைவு என்று சொன்னால், கட்டியை விட்டுவிட்டு மருத்துவமனைகளின் பழக்கத்தைத்தான் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

வயதும் குறுக்கே வரும். இளம்பெண்கள் அதிகமுள்ள சமூகத்தில் மார்பகக் கட்டி என்று வருபவற்றில் ஃபைப்ரோஅடினோமா என்ற உருண்டு நழுவும் கட்டிதான் முன்னால் நிற்கும், ஏனென்றால் அது பதின்ம வயதிலிருந்து முப்பதுகள் வரை வருவது. ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண்களிடம் அது கூடுதலாகவும் இளம் வயதிலேயும் வருகிறது என்பது தெரிந்த செய்தி. ஃபைப்ரோஅடினோமா நிறைய இருக்கும் பட்டியலில் லைபோமாவின் பங்கு சிறிதாகத் தெரிவது வெறும் கணக்கு. லைபோமா அங்கே குறைவு என்று அதற்குப் பொருள் இல்லை. ஆண்களிடம் இது தலைகீழ். ஆண் மார்பில் ஃபைப்ரோஅடினோமா வருவதற்கான சுரப்பித் திசு பெரும்பாலும் இல்லாததால், மார்பு வீக்கத்துக்கு அடுத்தபடியாக லைபோமாதான் கண்ணில் படும் தீங்கற்ற கட்டி.

படத்தில் பிடிபடுவதும் ஆளுக்கு ஆள் மாறும். அடர்த்தியான மார்பகம் படத்தில் வெள்ளையாக இருக்கும். அதில் லைபோமா கறுப்பாகப் பளிச்சென்று தெரியும். கிழக்காசியப் பெண்களிடம் இந்த அடர்த்தி சராசரியாக அதிகம். கொழுப்பு மிகுந்த மார்பகத்தில் கறுப்புக்குள் கறுப்பு. அந்த மெல்லிய கோடு கண்ணில் பட்டால் உண்டு, இல்லாவிட்டால் கட்டி இருப்பதே தெரியாது.

ஆகவே மகளிடம் நான் சொன்னது: குறிப்பிட்ட எந்த மக்களுக்கும் இது தனியாக அதிகம் வருகிறது என்று நம்ப எனக்குக் காரணம் இல்லை. சில குடும்பங்களில் உடம்பெங்கும் பல லைபோமாக்கள் வருவது உண்டு, அது வேறு கதை. உங்கள் அம்மாவுக்கு மார்பகத்தில் இருப்பது ஒன்றுதான். அது அவர் சித்திக்கு வந்த புற்றோடு சம்பந்தப்பட்டதில்லை, அது புற்றாக மாறுவதுமில்லை.

எடுக்க வேண்டாம் என்ற முடிவு

கணவருக்கு இதில் திருப்தி இல்லை. “இருக்கிறதை எடுத்துட்டா நிம்மதி இல்லையா?” என்றார். பலர் கேட்கும் கேள்விதான், அவருடைய கவலையும் உண்மையானது. வேகமாக வளர்ந்தால், 5 செ.மீ.யைத் தாண்டினால், எங்காவது கடினமாகத் தட்டுப்பட்டால், படமும் செல்லும் ஒத்துப்போகாவிட்டால், உடை உராய்ந்து தொந்தரவு தந்தால், அல்லது விவரம் எல்லாம் தெரிந்த பிறகும் அவரே வேண்டும் என்றால் எடுக்கலாம் என்றேன். இவற்றில் எதுவும் இப்போது இல்லை.

எடுப்பதற்கும் ஒரு விலை உண்டு. தழும்பும் மயக்க மருந்தும் இருக்கட்டும். அறுத்த இடத்தில் பிற்காலத்தில் தழும்புத் திசுவும், செத்த கொழுப்பும், சுண்ணாம்புப் படிவும் வரலாம். அவை மாமோகிராமில் புற்று மாதிரியே பயமுறுத்தும். 9 மி.மீ. ரத்தக் கசிவு ஒன்றே இவர்களை எப்படி ஆட்டிவைத்தது என்று அப்போதுதான் பார்த்திருந்தோம். கணவர் தலையை ஆட்டினார். முடிவைச் சொன்னது அந்தப் பெண்தான்: “இருந்துட்டுப் போகட்டும் டாக்டர். ஆனா வருஷா வருஷம் பாருங்க.”

பிறகு நடந்தது

ஆறாம் மாதம் 40 மி.மீ. ஒரு வருடத்தில் 41. இரண்டு வருடத்தில் 42. அளப்பவர் கையைப் பொறுத்து ஓரிரு மில்லிமீட்டர் கூடும், குறையும், கட்டி வளரவில்லை. அவர் முதலில் பயந்தது போல அது பெரிதாகிக்கொண்டிருக்கவில்லை. இதற்கிடையில் அவர் உடல் எடை 6 கிலோ குறைந்திருந்தது, அதனால் கையில் முன்னைவிட நன்றாகவே தட்டுப்படுகிறது. இதை முன்பே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை.

14ஆம் மாதம் மகளுக்கும் ஒரு கட்டி. வயது 22. “அம்மாவுக்கு வந்ததேதானா?” என்று கேட்டுக்கொண்டே வந்தாள். விரலில் உறுதியாக, கோலிக்குண்டு மாதிரி உருண்டது. அந்த வயதில் மாமோகிராம் முதலில் எடுப்பதில்லை. ஸ்கேன் எடுத்தோம், பார்த்த பிறகு ஊசி. ஃபைப்ரோஅடினோமா. இரண்டே நாளில் விடை கிடைத்துவிட்டது.

எதை மாற்றிக்கொண்டோம்

மார்பகக் கட்டிக்குப் படம் எடுக்கும் முன் ஊசி போடுவதை நிறுத்திவிட்டேன். வெகுதூரம் வந்தவர்கள், பயத்தோடு வந்தவர்கள் என்ற காரணங்கள் அப்போதும் இருக்கும். அதற்கு ஊசி மருந்தில்லை. அவர்களுக்காகப் படத்துக்கான நேரத்தை முன்னால் கொண்டுவருவதுதான் நான் செய்ய வேண்டியிருந்தது. ரேடியாலஜி பிரிவோடு பேசி, கையில் தட்டுப்படும் கட்டியோடு வருபவர்களுக்கு வாரத்தில் இரண்டு நாள் தனியாக நேரம் ஒதுக்க வைத்திருக்கிறோம்.

ஊசி போட்டால் தேதி, திசை, எத்தனை முறை, மார்பகத்தைக் கடிகார முகமாக நினைத்தால் குத்திய இடம் எத்தனை மணி நிலை என்பதைக் கேஸ் ஷீட்டில் எழுதுகிறோம். குத்திய பிறகு ஐந்து நிமிடம் நர்ஸ் கூடவே நின்று அழுத்திப் பிடிக்கிறார். பேத்தாலஜிக்குப் போகும் சீட்டில் “மென்மையானது, நழுவுகிறது, 4 செ.மீ., படத்தில் கொழுப்பு” என்ற அளவுக்காவது எழுதுகிறேன். “கொழுப்பு செல்கள் மட்டும்” என்று ரிப்போர்ட் வந்தால், அதை நான் பார்த்துப் பேசிய பிறகுதான் நோயாளி கைக்குப் போகிறது. தகவலை மறைக்க இல்லை. அந்த மூன்று வார்த்தையைத் தனியாகப் படித்துவிட்டு யாரும் வீட்டில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம் என்பதற்காக.

வேறு ஒன்றும் கண்ணில் பட்டது. அந்த வருடத்து மார்பக மாதிரிகளின் கணக்கை எடுத்தபோது, இவர் எங்கள் பேத்தாலஜி பதிவேட்டில் “போதிய மாதிரி இல்லை” என்ற பத்தியில் இருந்தார். கட்டியை எடுக்கவில்லை என்பதால் லைபோமா என்ற பத்தியில் அவர் வரவே இல்லை, இனியும் வர மாட்டார். இப்போது படத்திலேயே முடிவான தீங்கற்ற கட்டிகளுக்கு என்று ஒரு தனி நோட்டு போட்டிருக்கிறோம்: வயது, இடம், அளவு, மார்பக அடர்த்தி, ஊசி போட்டோமா இல்லையா. அதில் முதல் வரி இவருடையது.